அக்கா நினைவாக ஒரு பாட்டு

ஒரு வானொலி நிலையத்தை எடைபோட ஜோதியம்மாளுக்கு இரண்டு கேள்விகள் போதும். பேசுகிறவர் மூச்சுவிட நிறுத்துகிறாரா? பாட்டைக் கடைசிவரை ஓட விடுகிறார்களா? இந்த இரண்டிலும் தேறாத எதையும் அவள் வானொலி என்று சொல்ல மாட்டாள். சத்தம் என்பாள். "அந்தச் சத்தத்த நிறுத்துடா" என்று தம்பி அப்பாசாமியைப் பார்த்து அவள் சொல்லாமல் வேங்கிக்கால் வீட்டில் ஒரு பொழுது விடிந்ததில்லை.

அப்படிச் சொல்லும் தகுதி தனக்கு உண்டு என்பது அவள் எண்ணம். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள்தான். ஆனால் திருவண்ணாமலை தேரடித் தெருவில் அப்பா வாங்கி வைத்திருந்த மரப்பெட்டி ரேடியோவின் முள்ளைத் திருப்பும் உரிமை அந்த வீட்டில் அவள் ஒருத்திக்கே இருந்தது. அப்பா நெல் மண்டியில் கணக்குப்பிள்ளை. தபாலாபீசில் லைசென்ஸ் கட்டி வைத்திருக்கிற ரேடியோவைக் கண்டவன் கையில் கொடுப்பாரா? கண்டவன் என்றால் அப்பாசாமி. அவன் திருப்பினால் முள் ஊரெல்லாம் சுற்றிவிட்டு, சீனாக்காரன் பேசுகிற இடத்தில் போய் நிற்கும். ஜோதி திருப்பினால் மயிரிழை பிசகாது. கண்ணாடியின்மேல் அவளே அடையாளம் வைத்திருந்தாள். இலங்கைக்குக் குங்குமப் பொட்டு, சென்னைக்கு மைப்பொட்டு, புதுச்சேரிக்குச் சந்தனம். வெள்ளிக்கிழமைதோறும் பெட்டியைத் துடைத்துவிட்டுப் பொட்டுகளைப் புதிதாக வைப்பாள். வந்த சொந்தக்காரர்கள் சிலர், ரேடியோவுக்குப் பூசை நடக்கிறது என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டதும் உண்டு. அவள் திருத்தவில்லை. அன்றைய நிலையங்கள் கும்பிடும்படிதான் இருந்தன.

முக்கியமாக இலங்கை. அங்கே நேயர்களின் பெயரைப் படிக்கிற அழகே தனி. ஒவ்வொரு பெயரையும் தாம்பாளத்தில் வைத்து நீட்டுவது போல நீட்டுவார்கள். ஊர், தெரு, பெயர், பிறகு ஒரு நிறுத்தம். தங்கள் பெயரும் வரவேண்டும் என்று அப்பாசாமி கார்டு எழுதி எழுதிப் போட்டான். என்ன எழுதவேண்டும் என்று சொன்னவள் அக்கா. அதனால் அக்கா பெயர்தான் முதலில். ஒருநாள் மாலை வந்தேவிட்டது. "திருவண்ணாமலை, தேரடித் தெருவிலிருந்து ஜோதி, அப்பாசாமி." அவன் தெருவுக்கு ஓடி, வருகிறவன் போகிறவனையெல்லாம் நிறுத்திச் சொன்னான். ஜோதி முறத்தைவிட்டு எழவில்லை. "படிக்கத்தான உக்காந்திருக்காங்க" என்றாள். ஆனால் அன்று இரவு அப்பா சாப்பிட்ட சோற்றில் கல் இருந்தது. அவள் புடைத்த அரிசியில் அதற்கு முன்னும் பின்னும் யாரும் கல்லைக் கண்டதில்லை.

காலம் போயிற்று. ஜோதி, ஜோதியம்மாள் ஆனாள். மின்வாரியத்தில் வேலை பார்த்த கணவர் வேங்கிக்காலில் வீடு கட்டி, அதில் கொஞ்ச காலமே இருந்து, கூடத்துச் சுவரில் மாலையோடு படமாகிவிட்டார். மகள் எழில் படித்து, தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர் ஆனாள். அப்பாசாமிக்குக் கல்யாணம் அமையவில்லை. அக்கா வீட்டு முன்னறையில் அவன் கட்டிலைப் போட்டுக்கொண்டான். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு வண்டி நிறுத்துமிடத்தில் டோக்கன் கிழிக்கிற வேலை. பௌர்ணமி வந்தால்தான் அங்கே நிற்க இடமிருக்காது. மற்ற நாளில் அவனுக்கு நாற்காலி உண்டு, நிழல் உண்டு, காதுக்குத் தித்திப்பு எஃப்.எம். உண்டு.

தித்திப்பு எஃப்.எம்.மை ஜோதியம்மாள் ஒரே ஒரு தடவைதான் முழுதாக உட்கார்ந்து கேட்டாள், குற்றம் சொல்கிறவள் பொருளைப் பார்த்துவிட்டுச் சொல்லவேண்டும் என்பதற்காக. பாட்டின் தலையில் ஏறிப் பேசினார்கள், வாலில் தொங்கிப் பேசினார்கள். நடுவில் பல்லவி முடிவதற்குள் நகைக்கடை வந்தது. பேசுகிற பையன்களுக்கு மொத்தமே மூன்று வார்த்தைகள்: சூப்பர், செம, வேற லெவல். பிள்ளை பிறந்தாலும் செம, பரீட்சையில் பெயிலானாலும் செம. வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு பந்தயத்தில் ஓடுகிறவன் பேச்சு மாதிரி இருந்தது. அவள் எழுந்து போய்க் காதைக் கழுவாத குறையாக முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

அவளுடைய சின்ன ரேடியோ சமையலறையில் இருந்தது. காலையில் புதுச்சேரி, செய்திக்குச் சென்னை. கண்ணாடியில் இப்போதும் அடையாளம் உண்டு, ஸ்டிக்கர் பொட்டு. குங்குமத்தின் இடம் மட்டும் காலியாக இருந்தது.

அப்பாசாமி வேறு வழியில் போய்விட்டான். தித்திப்பில் பகல் பதினோரு மணிக்கு 'மனசுக்குள்ள மழை' என்று ஒரு நிகழ்ச்சி. போன் போட்டு மனக்குறையைச் சொன்னால் பாட்டுப் போடுவார்கள். அதில் "வேங்கிக்கால் அப்பாசாமி" என்றால் மாவட்டத்துக்கே தெரியும். பஸ்ஸில் அவன் டிக்கெட் கேட்டால் முன்சீட்டு ஆள் திரும்பிப் பார்த்து, "அண்ணே, நீங்களா அது?" என்பான். டீக்கடையில் காசு வாங்கமாட்டார்கள். இதையெல்லாம் அவன் வீட்டில் வந்து சொல்லும்போது ஜோதியம்மாள், "கோயில் வாசல்ல குரங்கக்கூடத்தான் எல்லாரும் பாக்கறாங்க" என்பாள். லீவு நாளில் அவன் வீட்டிலிருந்து போன் போட ஆரம்பித்தால் துணி துவைக்கப் பின்பக்கம் போய்விடுவாள். அவன் அங்கே என்ன பேசுகிறான் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்பது தன் கௌரவத்துக்குக் குறைவு.

ஒருதரம் பூக்காரி வேதா முழம் போட்டுக்கொண்டே கேட்டாள்: "யம்மா, உங்க கூடப் பொறந்தவங்க இன்னும் ஒருத்தரு இருந்தாங்களா?"

"இன்னாத்துக்குக் கேக்கற?"

"இல்ல, ரேடியோவுல உங்க தம்பி..."

"ரேடியோவுல கேட்டத எங்கிட்டக் கொண்டாராத. பூவ அளந்து போடு."

அன்றைக்கு அந்த வாயை மூடாமல் விட்டிருந்தால் பின்னால் வந்த தலைகுனிவு வந்திருக்காது. ஆனால் ஒருவரைப் பேசவிட்டுப் பார்ப்பது ஜோதியம்மாளின் வழக்கத்தில் இல்லை.

எழிலுக்கு வரன்கள் வந்து வந்து தட்டிக்கொண்டு போயின. கடைசியில் கீழ்பென்னாத்தூரிலிருந்து ஒன்று வந்தது. பையன் அன்பரசன், கலெக்டர் ஆபீசில் உதவியாளர். ஜாதகம் பொருந்தியது. அதைவிட முக்கியம், எழிலுக்குப் பிடித்திருந்தது. பள்ளிக்கூட வேலையாகக் கலெக்டர் ஆபீஸ் போனபோது அவனை ஏற்கெனவே பார்த்துப் பேசியிருக்கிறாள். "யம்மா, இது அமையலன்னா இனிமே எனக்குப் பாக்காத" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். அம்மாவின் மகள், சொன்னால் சொன்னதுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை பெண் பார்க்க வந்தார்கள். பையனின் அப்பா ராமகிருஷ்ணன் கீழ்பென்னாத்தூர் கடைத்தெருவில் உரக்கடை வைத்திருப்பவர். பெரிய உடம்பு, சின்னக் குரல். அவர் மனைவி பச்சையம்மாள் நேர்மாறு. பையன் இருவருக்கும் பின்னால் வந்தான். ஜோதியம்மாள் விடியுமுன் எழுந்து கேசரியை மூன்று தரம் ருசி பார்த்து, தம்ளர்களைப் புளி போட்டுத் தேய்த்து, தம்பிக்கு வெள்ளை வேட்டி எடுத்துக் கொடுத்திருந்தாள். தாய்மாமன் இல்லாமல் எந்தக் கல்யாணம் நடக்கும்? "வாங்கன்னு சொல்லு, உக்காருங்கன்னு சொல்லு. அப்பால வாயத் தொறக்காத" என்று பாடமும் நடத்தியிருந்தாள்.

அப்பாசாமி வாசலில் கைகூப்பி, "வாங்க, வாங்க. உக்காருங்க" என்றான்.

செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த ராமகிருஷ்ணன் ஒற்றைக் காலில் அப்படியே நின்றார். "இன்னொருதரம் சொல்லுங்க."

"உக்காருங்க."

"நீங்க... வேங்கிக்கால் அப்பாசாமி இல்ல? மனசுக்குள்ள மழை!" என்று கத்திவிட்டு அவர் அவனைக் கட்டிப் பிடித்தார். "பச்ச, பாரு! நம்ம அப்பாசாமி!"

சமையலறையில் காபி ஆற்றிக்கொண்டிருந்த ஜோதியம்மாளுக்கு எரிச்சலாக வந்தது. இந்த வீட்டுக்கும் அந்தச் சத்தம் வந்துவிட்டதே! போகட்டும், சம்பந்தம் கூடினால் சரி என்று தம்ளர்களைத் தட்டில் அடுக்கினாள்.

கூடத்தில் ராமகிருஷ்ணன் துக்கம் விசாரித்தார். "தைரியமா இருக்கீங்களா? அக்கா போனதுலருந்து நீங்க ஆளே உடைஞ்சிட்டீங்கன்னு பேச்சுலயே தெரிஞ்சிது." பிறகு சுவரில் எதையோ தேடுகிறார் போலும். "இது மாமா படம். அக்கா படத்த எங்க மாட்டியிருக்கீங்க? ஒரு கும்பிடு போட்டுக்கறேன்."

ஜோதியம்மாள் காபித் தட்டோடு சமையலறை வாசற்படியில் நின்றாள். தம்பியைப் பார்த்தாள். அவன் தரையில் எறும்பு எண்ணிக்கொண்டிருந்தான். பூக்காரி வேதா கேட்ட கேள்வி, இத்தனை நாள் கழித்து, அவள் தலையில் வந்து உட்கார்ந்தது.

அவனுக்கு ஒரே அக்காதான். அதை எழிலும் அறிவாள், ஊரும் அறியும். 'செத்தவள் பெரியவள், நான் அடுத்தவள்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் அந்தப் பொய்யைச் சொன்னால், தம்பியைப் போல அவளும் தித்திப்பு எஃப்.எம்.முக்குக் கதை சொல்கிற நேயராகிவிடுவாள்.

"நான்தான் அந்தச் செத்துப்போன அக்கா" என்றாள். "காபி ஆறுது, எடுத்துக்குங்க."

யாரும் எடுக்கவில்லை. முதலில் பேசியவள் பச்சையம்மாள். "அடப்பாவி மனுசா! அன்னிக்குக் கடையில உக்காந்து அழுதியே, இந்தம்மாவுக்கா? எங்க மாமியா போனப்பகூட இவரு இவ்ளோ அழலம்மா. இன்னாய்யான்னா, 'அப்பாசாமி அக்கா போய்ட்டாங்க'ன்றாரு."

ராமகிருஷ்ணனுக்கு அது காதில் விழவில்லை. "அம்மா, பெரிய தப்பு பண்ணிட்டேன். அண்ணாமலையார் கோயில்ல உங்களுக்கு மோட்ச தீபம் ஏத்தினேன். ஜோதியம்மாள்னு பேரு சொல்லி ஏத்தினேன்."

"நட்சத்திரம் இன்னான்னு சொன்னீங்க?"

"நட்சத்திரம் தெரியாதுங்களே."

"கோத்திரம்?"

"அதுவும் தெரியாது. பேரு மட்டுந்தான்."

"அப்ப வேற எந்த ஜோதியம்மாளுக்காவது போய்ச் சேந்திருக்கும். உடுங்க, புண்ணியந்தான்" என்றாள்.

பச்சையம்மாள் சிரித்தேவிட்டாள். ஆனால் ராமகிருஷ்ணன் சிரிக்கவில்லை. எழிலைப் பார்த்தார்கள், பிடித்திருக்கிறது என்றார்கள், கேசரி நன்றாக இருக்கிறது என்றார்கள். புறப்படும்போது அவர் அப்பாசாமியிடம் இல்லை, ஜோதியம்மாளிடமே சொன்னார். "அம்மா, எனக்குப் பொண்ணப் புடிச்சிருக்கு. ஆனா மனசு ஒப்பல. உயிரோட இருக்கறவங்களுக்கு மோட்ச தீபம் ஏத்தின கையால தாம்பூலம் மாத்த பயமா இருக்கு. என்ன மாதிரி எத்தினி நேயருங்க எத்தினி விளக்கு ஏத்தினாங்களோ! அவங்கள்லாம் கல்யாணத்துக்கு வருவாங்க. எந்த எடத்துல போய்ட்டாங்கன்னு சொன்னாரோ அதே எடத்துல, இருக்காங்கன்னு சொல்லட்டும். நான் கேட்டுட்டேன்னா மறுநாளே தட்டு மாத்திக்கலாம்."

அவர்கள் போனபின் எழில் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஜோதியம்மாள் தம்பிக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"ஏன்டா என்னக் கொன்ன?"

"கொல்லணும்னு கொல்லலக்கா."

"தானாவா செத்தேன்?"

"நல்லா இருக்கேன்னு சொன்னா அந்தப் பையன் லைனக் கட் பண்ணிடறான். ஒடம்பு சரியில்லன்னா ரெண்டு வார்த்தை பேசறான், பல்லவியோட நிறுத்திடறான். அக்கா போய்ட்டாங்கன்னதும் அவன் கம்முனு ஆய்ட்டான். பாட்ட முழுசா போட்டான்க்கா. நடுவுல வெளம்பரம் இல்ல, பேச்சு இல்ல. கடைசி தபேலா வரைக்கும் போச்சு." அவன் நிமிர்ந்து பார்த்தான். "முழுசா போடணும்னு நீதான சொல்லுவ?"

ஜோதியம்மாள் நாற்காலியை இன்னும் முன்னால் இழுத்தாள். "ஒரு பாட்ட முழுசா கேக்கறதுக்கு ஒரு கொலை பண்ணணும்னா அது இன்னா ஸ்டேசன்டா? இலங்கைக்குக் கார்டு போட்டப்ப நம்ம வூட்ல யாரு செத்தாங்க? பேரு எழுதினோம், பேரு படிச்சான், பாட்டப் போட்டான். இவனுக்குப் பொணம் கேக்குது! சரி, சாவடிக்க வேற ஆளு கெடைக்கலியா உனக்கு?"

"வேற யாருக்கா இருக்காங்க எனக்கு?"

ஜோதியம்மாள் சோறு வடிக்க எழுந்து போனாள்.

மறுநாள் பகலில், அவனைத் தனியாக நம்ப முடியாது என்று, ஷேர் ஆட்டோ பிடித்து வண்டி நிறுத்துமிடத்துக்கே வந்து நின்றாள். தித்திப்பு எஃப்.எம். தன் வாயால் அவளை உயிரோடிருப்பவள் என்று சொன்னால்தான் அவள் மகள் கழுத்தில் தாலி ஏறும் என்கிற நிலையை நினைத்து வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்திருந்தாள். பஸ் ஸ்டாண்டுக்குள் நுழைகிற பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு திரும்பியது. அப்பாசாமி எண்ணை அழுத்தி அழுத்திப் பார்த்தான். லைன் கிடைத்ததும் போனை ஸ்பீக்கரில் போட்டான்.

"ஹலோ ஹலோ ஹலோ! மனசுக்குள்ள மழை! யாரு?"

"வேங்கிக்கால் அப்பாசாமி."

"அப்பாசாமி அண்ணா! செம! எப்டி இருக்கீங்க? அக்கா நெனப்புலயே இருக்கீங்களா?"

"அது வந்து தம்பி... எங்க அக்கா சாகல."

"கரெக்ட்ண்ணா! மனசுல இருக்கறவங்க என்னிக்குமே சாகறதில்ல! வேற லெவல்ண்ணா! மக்களே, கேட்டீங்களா—"

"இல்ல தம்பி, நெஜமாவே..."

"புரியுதுண்ணா, புரியுதுண்ணா. இதோ உங்க அக்கா நினைவாக—"

ஜோதியம்மாள் போனைப் பிடுங்கினாள்.

"இந்தாப்பா, நிறுத்து. நான்தான் அக்கா பேசறேன். ஜோதியம்மாள், வேங்கிக்கால். ஒருத்தரு செத்துட்டாங்கன்னு சொன்னா யாரு, எப்ப, எப்படின்னு ஒரு வார்த்த கேக்க மாட்டியா? இப்ப சாகலன்னு சொல்றான், அதையும் காதுல வாங்க மாட்டேன்ற. உனக்குக் காதுன்னு ஒண்ணு இருக்குதா, இல்ல வாய் மட்டுந்தானா? அந்தக் காலத்துல பேரு படிக்கறவங்க ஒவ்வொரு பேருக்கும் ஒரு மூச்சு விடுவாங்க. நீ காலையிலருந்து மூச்சே உடல. மூச்சு உடாதவன் நீ, என்னச் செத்தவன்றியா? எல்லாரும் கேட்டுக்குங்க. எனக்காக யாரும் வெளக்கு ஏத்த வேணாம், அழ வேணாம். நான் உயிரோடதான் இருக்கேன். பாட்ட முழுசா போடு."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. தித்திப்பு எஃப்.எம். தொடங்கிய நாளிலிருந்து அதில் அப்படி ஒரு அமைதி இருந்திருக்காது. டோக்கனுக்கு நின்றிருந்த இரண்டு பேர் வண்டியை ஸ்டாண்டு போட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

பிறகு அந்தப் பையன் மெதுவாக, "ஸாரிம்மா" என்றான். பாட்டு வந்தது. முழுதாக வந்தது. சோகப் பாட்டுதான், அவசரத்தில் மாற்ற மறந்துவிட்டான். தன் சாவுக்கென்று தம்பி தேர்ந்தெடுத்த பாட்டை ஜோதியம்மாள் வெயிலில் நின்று கடைசித் தபேலா வரை கேட்டாள். நல்ல பாட்டு. அதை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. அவனிடம் சொல்லவில்லை.

பாட்டு முடிவதற்குள் எழிலின் போனுக்கு ராமகிருஷ்ணன் பேசிவிட்டார். மாலை வீட்டுக்கும் பேசினார். "சம்பந்தியம்மா, கேட்டேன். கடையில யூரியா வாங்க வந்தவங்கல்லாம் நின்னு கேட்டாங்க. மனசு லேசாய்டுச்சி." பின்னாலிருந்து பச்சையம்மாளின் குரல்: "எங்கூட்டு ஆளையும் ஒருநாள் இப்டித் திட்டி உடுங்கம்மா!" சொன்ன சொல் தவறாமல் தட்டு மாற்றிக்கொண்டார்கள். தாய்மாமன் சீருக்கு அப்பாசாமி வெட்கத்தில் தலைகுனிந்தே உட்கார்ந்திருந்தான். வந்த நேயர்களோ அவனை விட்டுவிட்டு ஜோதியம்மாளைச் சுற்றி நின்று பார்த்தார்கள். ஒரு கிழவி அவள் கையைத் தொட்டுப் பார்த்து, "சூடா இருக்குதும்மா" என்று சந்தோஷப்பட்டாள்.

அதோடு தித்திப்பு எஃப்.எம்.மின் முகத்தில் இனி விழிக்கவேண்டாம் என்று ஜோதியம்மாள் இருந்தாள். அது விடவில்லை. கல்யாணப் புடவை எடுக்கத் தம்பியோடு ஆட்டோவில் போகும்போது, டிரைவரின் தலைக்கு மேல் ஸ்பீக்கரில் ஒரு மணியோசை கேட்டது. அடுத்து அவளுடைய குரலே வந்தது: "உனக்குக் காதுன்னு ஒண்ணு இருக்குதா, இல்ல வாய் மட்டுந்தானா?" ஒரு சிரிப்புச் சத்தம். "நான் உயிரோடதான் இருக்கேன்." மறுபடி மணி. "தித்திப்பு எஃப்.எம்.! உயிரோட இருக்கறவங்க கேக்கறது!"

"மணிக்கு ஒருதரம் போடறாங்கம்மா, யாரோ ஒரு அம்மா, செம காமெடி" என்றான் டிரைவர்.

அப்பாசாமி அக்காவைப் பார்த்தான். அவள் முகம் கோணவில்லை. நெற்றியைச் சுருக்கி, அரிசியில் கல் தேடுகிறவள் போல எதையோ தேடினாள்.

"கடைசி வரியக் காணமே. 'பாட்ட முழுசா போடு'ன்னு சொன்னேன் இல்ல? அத வெட்டிட்டானுங்க."

"ஆமாக்கா."

"பாட்டத்தான் பாதியில வெட்டுவானுங்கன்னு பாத்தா, பேச்சையும் வெட்டறானுங்க. ஒண்ணத்தையாவது முழுசா உடற பழக்கமே கெடையாது." அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "நாளைக்குப் பதினோரு மணிக்கு அந்த நம்பரப் போட்டுக் குடு."